மூன்று மில்லிமீட்டர்

"தோளைக் கொடுத்துத் தள்ளுடா, காலால உதைக்காதே. உள்ள அம்மா இருக்காங்க" என்றாள் பெரியவள்.

தம்பி தோளைக் கொடுத்தான். கதவு அசைந்தால்தானே. உள்ளே கட்டிலில் அப்பா செத்துக் கிடக்கிறார், பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், வெளியே வாசல் வரைக்கும் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். நடுவில் இந்த ஒரு மரக்கதவு, வரமாட்டேன் போ என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். அவர் போனதும் அம்மா, "கொஞ்ச நேரம் நான் இவரோட தனியா இருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்தினது சாத்தினதுதான்.

"அம்மா, தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"தாழ்ப்பாளும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கதவு அப்படித்தான். கைப்பிடியை லேசாத் தூக்கி, ஒரு இடி இடிச்சு, அப்புறம் தள்ளணும். உங்கப்பாவுக்குத்தான் அந்த வித்தை தெரியும்." உள்ளேயிருந்து வந்த குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. "அவசரப்படாதீங்க. எங்களுக்கு ஒண்ணும் வேலை இல்ல."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. சாவு வீட்டில் சிரித்துத் தொலைத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள், பாவம், மூத்த பெண் தாங்கமாட்டாமல் விம்முகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தம்பி தூக்கினான், இடித்தான், தள்ளினான். செல்போன் கடை வைத்திருக்கிறவன். உடைந்த போனைப் பிரித்துக் கோர்த்துவிடுவான். கதவு அவன் பேச்சைக் கேட்கவில்லை. தூக்குக்குண்டு மேஸ்திரியின் வீட்டில், அவர் சாவன்றைக்குக் கதவு திறக்கவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? அப்பாவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே, சட்டைப் பையில் எப்போதும் தூக்குக்குண்டும் நூலுமாகத் திரிந்ததால்தான். விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சுவருக்கு நேரே நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து, "உங்க கொத்தன் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்த வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது.

"தள்ளு தம்பி, தள்ளு. நான் பாக்கிறேன்."

நெட்டை மாமா வந்துவிட்டார். அப்பாவோடு முப்பது வருஷம் சேர்ந்து கொத்து வேலை பார்த்தவர். நிலைப்படி எதுவானாலும் குனிந்தே நுழைகிற உயரம். செய்தி கேட்டு வந்தவர், கதவு கதையைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிப் போய் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது. ஆனால் கையில் சுத்தியல் இருந்ததால் அழ முடியவில்லை.

அவர் கதவைத் தொடவே இல்லை. நிலைக்குப் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் பொத்தலாகக் கேட்டது. அங்கே உளியை வைத்து ஒரே போடு. பூச்சு பலகை மாதிரி பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல்லைக் காணோம். தரையிலிருந்து கூரை வரைக்கும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளவு, நூல் பிடித்த மாதிரி நேராக, அதற்குள் பழைய டயர் ரப்பரை வாராக அறுத்துச் செருகியிருந்தது. நெட்டை மாமா நான்கு வாரைப் பிடுங்கி எடுத்தார். எங்கேயோ மரம் முனகியது. கதவு யாரும் தள்ளாமல் தானாக ஒரு சாண் திறந்தது.

உள்ளே அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தலைமுடியை வாரிவிட்டிருந்தாள், வகிடு மட்டும் கோணல்.

"என்ன மாமா இது? சுவரா, சல்லடையா?" என்றான் தம்பி, பிளவுக்குள் விரலை விட்டு. "இது அப்பா கட்டின சுவர்தானா?"

"ஈரம், தம்பி. ஈரம் ஏறக் கூடாதுன்னு விட்டிருக்காரு. நீ போய் வண்டிக்குச் சொல்லிட்டியான்னு பாரு."

தம்பிக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும், நம்பிவிட்டுப் போனான். பெரியவள் நம்பவில்லை. அந்தப் பிளவு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில், அந்த ஊரில், வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் அதைக் 'கோடு' என்றுதான் சொல்வார்கள். பூமிக்கடியில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு பாதி ஒரு பக்கமும் மற்றப் பாதி எதிர்ப்பக்கமுமாக வருஷத்துக்கு ஓர் அரிசி கனம் நகர்கிறது. இப்படிச் சோம்பேறித்தனமாக நகர்கிறவரை சுவரில் விரிசல் விடும், கதவு பிடிக்கும், அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு நாள் மொத்தமாக உதறிக்கொண்டு நகர்ந்தால் மேலே இருக்கிற எதுவும் மிஞ்சாது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அப்படி நகர்ந்து பள்ளிக்கூடம் ஒன்று போன பிறகுதான் அரசாங்கம் கண்ணைத் திறந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் பதினைந்து மீட்டருக்குள் ஒரு வீடும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கு முதலில் கோடு எங்கே போகிறது என்று படம் வேண்டுமே. நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற வேலை பெரியவளுக்கு. நிபுணர்கள் அங்கங்கே பள்ளம் தோண்டிப் பார்த்து எழுதிக் கொடுத்த அளவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாளில் இழுத்தது அவள் கைதான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அவர்கள் தெருவுக்கு வந்தாள். கோடு எதிர்ச்சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, கடைசி வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வீட்டை அப்பா ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டியிருந்தார். மற்ற ஆறு நாளும் அடுத்தவன் வீட்டைக் கட்டுவார். இந்த ஊரில் சொந்த வீடு இல்லாத மேஸ்திரி என்று ஒரு கல்யாணத்தில் யாரோ கேலி பேசியதற்கு, அவர் ஆறு வருஷம் கழித்துச் சொன்ன பதில் அந்த வீடு. பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்தாள். வீட்டுப் பின்புறம் தோண்டிய பள்ளத்தின் அளவைத் தாளில் ஏற்றாமல் விட்டாள். மற்ற இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் கோட்டை மூன்று மில்லிமீட்டர் ஒதுக்கி இழுத்தாள். படத்தில் மூன்று மில்லிமீட்டர் என்றால் தரையில் முப்பது மீட்டர்.

ஒரு மாதம் போதும் என்று நினைத்தாள். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி, வேறு வீடு பார்த்துவிட்டு, பிழை கண்டுபிடித்த மாதிரி திருத்திவிடலாம். மூன்றே வாரத்தில் படம் அச்சாகிவிட்டது. ஒதுங்கிப் போன கோடு, தெருவுக்கு அந்தப் பக்கம் காலி மனை தாண்டி, தையல்காரர் வீட்டு நடு முற்றத்தில் போய் விழுந்திருந்தது. தையல்காரருக்கு நோட்டீஸ் வந்தது. வீடு இடிபட்டது. பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு அவள் பேசுவது?

அச்சான படத்தை அலுவலக வாசலில் ஒட்டியபோது அப்பா பார்க்க வந்தார். வீட்டுப் பின்புறம் பள்ளம் தோண்டியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கீழே கையெழுத்து உன்னோடதா?" என்றார். "ஆமாப்பா." "ம்" என்றார். தகப்பனும் மகளும் அதைப் பற்றிப் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

நெட்டை மாமா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெரியவள் போய் எதிரில் நின்றாள்.

"ஈரம்னு யார்கிட்ட சொல்றீங்க மாமா?"

அவர் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்த கையையே மறுபடி துடைத்தார்.

"உங்கப்பா இந்த வீட்டை ரெண்டா அறுத்துட்டாரு பாப்பா. எட்டு வருஷம் ஆச்சு. நானும் அவரும்தான். உங்கம்மா உன் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாங்களே, உனக்கு ரெண்டாவது பொறந்தப்போ, அப்போ. இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. நடுவுல ரப்பர். மேல ஒரு பூச்சு. தனித்தனியா நகர்ந்தா விரிசல் வெளியே தெரியாது இல்ல?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு எங்கிட்டக் கேக்கிறியா?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வருஷத்துக்கு ரெண்டு தடவை வெள்ளையடிச்சாரே, ஊரெல்லாம் கிறுக்குன்னு சிரிச்சுதே, எதுக்கு? நானும் கேட்டேன். 'பொண்ணு எனக்காக ஒரு தப்பு பண்ணிட்டா. சுவர் அவளைக் காட்டிக் கொடுத்துடக் கூடாது'ன்னாரு. ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே கிடையாது."

"காலி பண்ணியிருக்கலாமே மாமா! வீட்டைப் போட்டுட்டு எங்கேயாவது..."

"போனா ஏன் போறேன்னு நாலு பேர் கேப்பாங்களே. ஏன் மேஸ்திரி, நல்லாத்தானே இருக்கு வீடுன்னு கேப்பாங்களே." குரல் உடைந்தது. "உங்கம்மாவைக் குறட்டை குறட்டைன்னு சொல்லி அந்தக் கோடி அறையில படுக்க வெச்சாரு. இந்த அறையில அவர் மட்டும்தான் படுப்பாரு. கட்டில் எங்க கிடக்குன்னு பாத்த இல்ல?"

பார்த்திருந்தாள். கோட்டுக்கு நேர் மேலே.

பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பதினோரு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். மழை பெய்கிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பேசியிருக்கிறார்கள். அவள் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு அவள் நிஜமாக அழுத முதல் அழுகை அது. நெட்டை மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாளியில் தண்ணீர் பிடித்தார்.

பத்து மணிக்குத் தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. அந்தப் படியில் ஏறி இறங்கியே வந்தது என்று எல்லோரிடமும் சொல்வாள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டார் போல. அப்பாவின் மேல் போர்த்த வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார், நான்கு ஓரமும் அழகாக மடித்துத் தைத்திருந்தது.

"ஓரம் பிரிஞ்சிருந்தா அவருக்குப் பிடிக்காது தங்கச்சி. அதான் உட்கார்ந்து அடிச்சிட்டு வந்தேன், கொஞ்சம் நேரமாயிடுச்சு" என்றார்.

"பரவாயில்லண்ணே."

"உங்கப்பா மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டாரு. வருஷா வருஷம் எங்க ரூமுக்கு வந்து வெள்ளையடிச்சுக் குடுப்பாரு. அடுப்பு மேடை கட்டிக் குடுத்தாரு. ஒரு தடவை கேட்டேன், ஏன் மேஸ்திரி, எனக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம், இப்படி ஓடி ஓடி வர்றீங்களேன்னு. 'கை சும்மா இருந்தா நமைக்குது'ன்னாரு." தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீடு போனாலும் நல்ல அக்கம்பக்கம் போகலைன்னு நாங்க பேசிக்குவோம்."

பெரியவள் தலையை ஆட்டினாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று குடைந்தது. சொன்னால் வேலை போகும். வேலை மட்டுமா, படத்தில் பிழை செய்தவள் என்று வழக்கு வரும். இப்போது அவள் படம் வரைகிற பிரிவுக்கே தலைமை. அதைவிட, இந்த மனுஷன் முகத்தை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது? அவள் துணியின் மடித்த ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மத்தியானம் எடுத்தார்கள். கதவு முழுசாகத் திறந்து கிடந்ததால் கட்டிலோடு வெளியே கொண்டுவருவதில் ஒரு சிரமமும் இல்லை. தெருமுனை வரைக்கும் போய் நின்ற பெண்கள், வண்டி திரும்பியதும் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவள் வண்டியோடு கடைசி வரை போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

எல்லாம் முடித்துத் திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். கூடத்தில் வீட்டு மனிதர்களும் நெட்டை மாமாவும் தையல்காரர் தம்பதியும் மட்டும் மிச்சம். தம்பி மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தன. அம்மா தரையில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

"அம்மாவைத் தனியா விட முடியாது" என்றான் தம்பி. "அடுத்த வாரமே நாங்க இங்க வந்துடறோம். இடம் பத்தாது. மேல ஒரு மாடி போட்டுடலாம். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தேன்! நான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டு மேல ஒரு செங்கல் ஏறக் கூடாதுன்னு குறுக்க நின்னாரு. ஏன்னு ஒரு காரணம் சொன்னாரா? பெத்த பையன் மேல மனுஷனுக்கு என்ன வன்மமோ."

"இன்னைக்கா இதெல்லாம் பேசணும்?" என்றாள் அவன் மனைவி.

"இன்னைக்குப் பேசாம எப்போ பேசறது? பிள்ளைங்களுக்கு அப்பா அறையைக் குடுத்துடலாம். காத்தோட்டமான அறை. மாமா, நீங்கதான் கட்டித் தரணும்."

நெட்டை மாமா டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளில் சின்னது ஓடிப்போய் அப்பா அறைக்குள் நுழைந்தது. கட்டில் இருந்த வெற்றிடத்தில் நின்றுகொண்டு, "இது என் இடம்" என்றது.

"அங்க நிக்காதே, வெளியே வா!"

பெரியவள் கத்திய கத்தலில் குழந்தை உதடு பிதுங்க அழ ஆரம்பித்தது. தம்பி மனைவி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். "என்ன அண்ணி, குழந்தைதானே" என்றாள், முகம் சுருங்கி.

"மாடி போடாதே. இங்க குடி வராதே. அம்மாவும் இங்க இருக்க வேண்டாம்." பெரியவளுக்கு மூச்சு வாங்கியது. "கோடு இந்த வீட்டுக்கு அடியிலதான் போகுது."

"உனக்கென்ன பைத்தியமா? படத்துல..."

"படத்தை நான்தான் போட்டேன்." அவள் தம்பியைப் பார்க்கவில்லை. தையல்காரரைப் பார்த்தாள். பார்த்துத்தான் ஆக வேண்டும். "உங்க வீட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்லண்ணே. அந்தக் கோட்டைத் தள்ளி அங்க போட்டது நான். இந்த வீடு போயிடக் கூடாதுன்னு. அப்பாவுக்கு நான் சொல்லலை, அவரே கண்டுபிடிச்சிட்டாரு. நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். அதனால உங்க வீடு திரும்ப வராது. தெரியும்."

அழுத குழந்தை வாயை மூடிக்கொண்டது.

"எவ்வளவு தள்ளினே?" என்றார் தையல்காரர்.

"படத்துல மூணு மில்லிமீட்டர்."

"மூணு." அவர் கழுத்து நாடாவைக் கழற்றினார். அந்த அளவில் நகத்தை வைத்துப் பார்த்தார். "தையலுக்குன்னு ஓரத்துல விடுவோமே, அதுகூட இல்லையே தங்கச்சி."

அவர் மனைவி சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். முழங்காலை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டாள். பெரியவள் பக்கம் திரும்பாமல் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். தையல்காரர் அவளைக் கூப்பிடவில்லை. பின்னால் போகவும் இல்லை. வெகுநேரம் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, துணியில் குறி போடுகிற சாக்கட்டி ஒன்றை எடுத்தார். பெரியவள் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எங்க போகுது, காட்டு. நாங்களும் பாக்கிறோம்."

பெரியவள் குனிந்து எடுத்தாள். அறை வாசலில், காலையில் உடைத்த பிளவின் அடியில் மண்டியிட்டாள். அங்கிருந்து கூடத்துத் தரையில் கோட்டை இழுக்க ஆரம்பித்தாள். அடிக்கோல் இல்லை, ஆனால் கோடு நேராகவே போனது, இருபது வருஷப் பழக்கம். தம்பி நாற்காலியை நகர்த்திக்கொண்டான். நெட்டை மாமா டம்ளரைத் தூக்கிக்கொண்டார். அவள் மண்டி போட்டபடியே நகர்ந்து நகர்ந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சுவர்ப் பக்கம் வந்தாள். அங்கே அம்மாவின் கால் நீட்டிக் கிடந்தது. சாக்கட்டி அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கி, வழி விட்டாள்.